பாய்க்கு அடியில் ஒரு முதுகு

அத்தியாயம் 9

இருநூறு தாலா. ஒரு நாள் வாடகை.

ஃபிலிப்போ வீட்டுப் பாய்க்கு அவன் மகள் தெலேசியா சொன்ன விலை இது.

நான்கு தலைமுறைக்கு முன்னால் மூன்று பெண்கள் ஐந்து வருடம் குனிந்த தலை நிமிராமல் முடைந்த பாய். கடைசி இழை முடிந்தபோது அவர்களில் ஒருத்திக்குப் பார்வை பாதி போயிருந்தது. உதறினால் பட்டு மாதிரி விழும். ஓரமெல்லாம் சிவப்பு இறகு. ஒரு சாவுக்குக் கொடுத்தார்கள். அது கைமாறிக் கைமாறித் தீவு முழுக்கச் சுற்றிவிட்டு, பத்தொன்பது வருடம் கழித்து இன்னொரு சாவில் இதே வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. அதனால் அதற்கு 'வீடு திரும்பியவள்' என்று பெயர். இப்படிப்பட்ட பாயை யாரும் விற்பதில்லை. "என்ன விலை?" என்று கேட்பதே, ஒருவனுடைய அம்மாவைக் காட்டி "இது எவ்வளவு?" என்று கேட்பது போல.

விஷயம் தெரிந்தபோது தெலேசியாவின் அம்மா பெனினாவுக்கு இரண்டு கோபம் வந்தது. விலை சொல்லிவிட்டாளே என்று ஒன்று. சொன்னதுதான் சொன்னாள், இவ்வளவு மலிவாகவா சொல்லுவாள் என்று இன்னொன்று. இருபத்தாறு வருடமாக ஆப்பியா மார்க்கெட்டில் துணிக்கடை போட்டிருப்பவள். முதல் கோபம் இரண்டாம் நாளே கொஞ்சம் தணிந்தது. இரண்டாவது தணியவில்லை.

நடந்ததை மறக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம்.

தெற்குக் கரையில் சினிமா எடுக்க வந்த கம்பெனியில் தெலேசியாவுக்குக் குடை பிடிக்கிற வேலை, கூடவே மொழிபெயர்ப்பு. நடிக்கத்தான் போனாள். "முகம் சரி, பேர் போதாது" என்று சொல்லி, அந்த வேஷத்தைச் சிட்னியிலிருந்து வந்த நடிகைக்குக் கொடுத்துவிட்டார்கள். கதைப்படி ஒரு பெண் வண்டி ஓட்டி ஒரு பையனைக் கொன்றுவிடுகிறாள். விடிகாலையில் அந்தப் பையன் வீட்டு முன்னால் தலைகுனிந்து, மேலே பாய் போர்த்தி, மன்னிப்புக்காகக் காத்திருக்கிறாள். நம் சமோவாவில் இப்படி மன்னிப்புக் கேட்பதற்கு இஃபோங்கா என்று பெயர். அதற்குக் கம்பெனி கொண்டுவந்திருந்த பாய் பிளாஸ்டிக் மாதிரி மின்னியது. தெலேசியா வீட்டுக்கு வந்தாள். அப்பாவும் அம்மாவும் தேவாலயப் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்த நேரம். மெத்தையைத் தூக்கி, ஊர் வழக்கப்படி அடியில் பத்திரமாக விரித்து வைத்திருந்த பாயை எடுத்து, அது இருந்த இடத்தில் இரண்டு அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை வரைக்கும் என்று கையெழுத்து. செவ்வாய்க்கிழமை போர்வை மாற்றும்போது பெனினா கண்டுபிடித்தாள். ஃபிலிப்போவுக்கு இன்னும் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் முதுகு வலிக்கிறது என்பதுதான்.

செவ்வாயிலிருந்து பெனினா கடையைச் சாத்திவிட்டு, படப்பிடிப்பில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பாய்க்குக் காவல் உட்கார்ந்திருக்கிறாள். மகளோடு பேச்சு இல்லை. முதல் நாள் சொன்னதோடு சரி:

"பாய் வீட்டுக்கு வந்து சேரட்டும். ஞாயித்துக்கிழமை நீ ஆக்லாந்து போற. உங்க பெரியம்மா வேலை செய்யுற இறைச்சி ஃபேக்டரியில ஆள் எடுக்குறாங்களாம்."

டிக்கெட்டும் வாங்கியாகிவிட்டது.

இன்று வெள்ளிக்கிழமை.

* * *

காலை எட்டு மணிக்கே இயக்குநர் பிரிஜெட்டின் முகம் வாடியிருந்தது. மெல்பர்னிலிருந்து வந்தவள். செத்த பையனின் அம்மாவாக நடிக்க ஆக்லாந்திலிருந்து வந்த நடிகை, சித்தி சாவுக்கென்று புதன்கிழமை விமானம் ஏறிவிட்டாள். சாவு என்றால் போகாமல் எப்படி? பிரிஜெட்டுக்கு அது புரியவில்லை. அதற்கப்புறம் உள்ளூரில் இரண்டு பேரை நிறுத்திப் பார்த்தாள். இன்று மூன்றாவது, பாட்டுக் குழுவில் நல்ல குரல் உள்ள ஒரு அம்மாள்.

"ஆக்‌ஷன்" என்றார்கள். அம்மாள் விறுவிறுவென்று நடந்து வந்தார். பாயைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

"பஸ் சீட்டுல போட்ட துண்டை உருவுற மாதிரி உருவுது பாரு" என்றாள் பெனினா, யாரையும் பார்க்காமல்.

விளக்குக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அவர்களெல்லாம் உள்ளூர்ப் பையன்கள்.

"அவங்க என்ன சொன்னாங்க?" என்று பிரிஜெட் கேட்டாள்.

தெலேசியா தயங்கினாள். "பாயை எடுத்த விதம் சரியில்லைன்னு சொல்றாங்க."

"மூணு நாளா இங்கயேதானே உக்காந்திருக்காங்க. எப்படி எடுக்கணும்னு ஒரு தடவை காட்டச் சொல்லேன்."

தெலேசியா அம்மாவின் நாற்காலிப் பக்கம் வந்து, மூன்றடி தள்ளி நின்றாள். "அம்மா... எப்படின்னு காட்டச் சொல்றாங்க."

பெனினா மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிரிஜெட்டைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

நம் ஊரில் 'சரி' சொல்ல வாய் வேண்டாம். இரண்டு புருவமும் ஒருதரம் மேலே போய்க் கீழே வந்தால் போதும், வேலை முடிந்தது. பிரிஜெட் வந்து பத்து நாள்தான் ஆகிறது. இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"ஏன் ஆச்சரியப்படறாங்க? தப்பாக் கேட்டுட்டேனா?"

"இல்லை, வராங்க" என்றாள் தெலேசியா.

சிட்னி நடிகை முகப்பூச்சுக் கூடாரத்தில் இருந்தாள். ஒத்திகைக்குத்தானே என்று, பாய்க்கு அடியில் தெலேசியாவையே உட்காரச் சொன்னார்கள். வீட்டுக்கு முன்னால் பரப்பிய பவழக் கற்களின் மேல் அவள் சம்மணமிட்டு, நெற்றி தரையைத் தொடும்படி குனிந்தாள். இரண்டு பேர் பாயைக் கொண்டுவந்து மூடினார்கள்.

பெனினா வீட்டுக்குள் போய் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். சுவர் இல்லாத வீடு. எதிரே பாய், பாய்க்கு அடியில் ஒரு மேடு.

மேகம் கவிந்திருந்தது. எட்டரை மணிகூட விடிகாலை மாதிரிதான் இருந்தது. கேமராக்காரருக்கு அந்த வெளிச்சம் பிடித்திருந்தது. யாரும் சொல்லாமலே கேமராவை ஓட விட்டார்.

"போகலாம்" என்றாள் பிரிஜெட்.

பெனினா எழுந்திருக்கவில்லை.

ஒரு நிமிடம் ஆயிற்று. மூன்று நிமிடம் ஆயிற்று.

"நீங்க ரெடியா?" என்று பிரிஜெட் மெதுவாகக் கேட்டாள். இங்கிலீஷ் பெனினாவுக்கு விலை பேசும் அளவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தால் லாபம் அதிகம் என்பதும் தெரியும். புருவம் மேலே போய் வந்தது. ரெடி.

"புரிஞ்சுதா?"

புருவம். புரிந்தது.

பிரிஜெட் கைகளை விரித்தாள். மொழிபெயர்க்க வேண்டியவள் பாய்க்கு அடியில் இருந்தாள். கேமராக்காரர் மட்டும் விரலை உதட்டில் வைத்து, 'பேசாமல் இரு' என்று சைகை காட்டினார்.

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத விஷயம் இதுதான். பாய் போர்த்தியவர்கள் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பதை வீட்டுக்குள் இருப்பவர்கள்தான் முடிவு செய்வார்கள். அரை மணி நேரம் ஆகலாம். உச்சி வெயில் வரைக்கும் ஆகலாம். யாரும் வரவே மாட்டார்கள் என்பதும் உண்டு. பத்தாவது நொடியிலேயே பாயை எடுத்துவிட்டால், கேட்டது மன்னிப்பும் இல்லை, கொடுத்தது மன்னிப்பும் இல்லை.

பெனினா நடிக்கவில்லை. அவள் உண்மையாகவே கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்தாள். உட்காரட்டும். கேட்காமல் எடுத்தாளே, உட்காரட்டும். அட்டைப்பெட்டி விரித்தாளே! பெற்ற அப்பனை மாட்டிறைச்சி டின் வந்த பெட்டி மேல் படுக்கவைத்தாளே! நன்றாக உட்காரட்டும்.

பத்து நிமிடம் கழிந்தபோது பாயின் ஓரத்தில் ஒரு கால் விரல் தெரிந்தது. ஐந்து வயதில் மார்க்கெட்டில் இரும்புப் பெட்டி விழுந்து நகம் போன விரல். அன்றைக்கு அந்தக் காலைத் துணியில் சுற்றிக்கொண்டு பெனினா ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கல்லாவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடினாள். திரும்பி வந்தபோது கல்லாவில் ஒரு காசு குறையவில்லை என்று பக்கத்துக் கடைக்காரி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு இறகுகளைப் பார்த்தாள். காற்றே இல்லை. ஆனாலும் ஓரத்துச் சிவப்பு இறகுகள் நடுங்கின. நிற்கும், மறுபடியும் நடுங்கும். உள்ளே ஒருத்தி சத்தம் வராமல் அழுதால்தான் அப்படி நடுங்கும்.

இருபத்திரண்டாவது நிமிடத்தில் தூறல் போட்டது.

பையன்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். பாய் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் கேமராவைக் கடலில் போட்டுவிடுவேன் என்று மூன்று நாளாக அவர்களை மிரட்டிவைத்திருந்தவள் பெனினா. ஒருவன் தார்ப்பாயோடு ஓடிவந்தான். கேமராக்காரர் கையை நீட்டித் தடுத்தார்.

சொட்டு விழுந்தது. பாயில் ஒரு கருப்பு வட்டம். இன்னொன்று.

பெனினா எழுந்தாள். அவசரப்படவில்லை. கற்களின் மேல் வெறுங்காலோடு நடந்து வந்தாள். குனிந்தாள். அவள் கை முதலில் போனது பாயின் ஓரத்துக்கு இல்லை. பாயின் மேல், தலை இருக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள்.

பிறகு பாயை இரண்டு கையாலும், தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி, பக்கத்தில் விட்டாள். அது எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனா?" என்றாள். "குடுத்திருக்க மாட்டேன். அதுக்காகக் கேக்காமலே எடுத்துருவியா?"

தெலேசியா தலையைத் தூக்கவில்லை. "நீ மாட்டேன்னுதான் சொல்லுவன்னு தெரியும்மா. அதான் கேக்கல."

"எனக்கே தெரியாதது உனக்குத் தெரியுமா?"

தெலேசியா குனிந்தபடியே மூக்கை உறிஞ்சினாள்.

"எழுந்திரு. நனையுற. உள்ள வா."

அவள் மகளின் முழங்கையைப் பிடித்து எழுப்பி, தன் தோளில் கிடந்த துணியை எடுத்து அவள் தலையில் போட்டு, வீட்டுக்குள் கூட்டிப்போனாள். தூண் பக்கத்தில் உட்காரவைத்தபிறகுதான், தூறலில் எதையோ விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது.

"ஐயோ, பாய்!"

தார்ப்பாய்ப் பையன் அதற்குள் அதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான்.

"கட்" என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

* * *

பிரிஜெட் வந்து எதிரே தரையில் உட்கார்ந்தாள். மூக்கு சிவந்திருந்தது. தெலேசியாவைப் பார்த்து, "நான் சொல்றதை அப்படியே சொல்லு" என்றாள். "இந்த வேஷத்தை நீங்கதான் செய்யணும். இப்ப எடுத்ததை நான் மாத்த மாட்டேன். இன்னும் நாலு நாள் வேலை இருக்கு. ஒரு நாளைக்கு முந்நூறு தாலா தரோம். சம்மதமா?"

தெலேசியா சொன்னாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக, பேரம் பேச வேண்டும் என்பதையே பெனினா மறந்துபோனாள். காரணம் கேட்டால் அவளுக்கும் சொல்லத் தெரியாது. அந்தத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த இருபத்திரண்டு நிமிடம் அவளுக்குப் பிடித்திருந்தது. இன்னொரு தடவை உட்கார வேண்டும்போல் இருந்தது. புருவத்தை உயர்த்தினாள்.

பிரிஜெட் உதட்டைக் கடித்தாள். "கம்மின்னு நினைக்கறாங்க. சரி, நானூறு."

பெனினா குழம்பினாள். சரி என்றுதானே சொன்னேன்? இன்னும் தெளிவாக, இரண்டு புருவத்தையும் நெற்றி சுருங்கும்படி உயர்த்தினாள்.

"ஐந்நூறு" என்றாள் பிரிஜெட்.

பெனினா மெல்ல மகள் பக்கம் திரும்பினாள். மொழிபெயர்க்க வேண்டியவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு இரண்டும் இறுக மூடியிருந்தன. கன்னம் மட்டும் துடித்தது. பிறந்ததிலிருந்து மூடாத வாய் அது.

"இவளுக்கு நீ எதுவும் சொல்லித்தரலையா?" என்று பெனினா சமோவ மொழியில் கேட்டாள்.

"யாரும் கேக்கலம்மா."

"பத்து நாளா கூடவே இருந்திருக்க."

"நீ இன்னொரு தடவை தூக்கும்மா. அறுநூறு வரும்."

பெனினா பிரிஜெட்டைப் பார்த்தாள். இன்னொரு புருவத்துக்கு அந்தப் பெண் தாங்க மாட்டாள் என்று பட்டது. வாங்க வந்தவர் அழுதுவிட்டால் அதற்குப் பெயர் வியாபாரம் இல்லை. வாயைத் திறந்து, மார்க்கெட் இங்கிலீஷில், "ஐந்நூறு சரி" என்றாள்.

பிரிஜெட் பெருமூச்சு விட்டாள்.

"ஆனா ஒண்ணு. பாய்க்கு அடியில இருந்தவ பேர் படத்துல வரணும்" என்றாள் பெனினா, மகள் வழியாக.

"அந்த முகம் சிட்னி நடிகையோடது. பாயை எடுத்தப்புறம் அவங்களை வெச்சு எடுத்து ஒட்டிக்கணும். தெலேசியாவோடது முதுகு மட்டும்தான்..."

"மூஞ்சி அவளோடதா இருக்கட்டும். முதுகு என் பொண்ணுது. இருபத்திரண்டு நிமிஷம் நெஜமா அழுத முதுகு. முதுகுக்குப் பேர் போடு."

பிரிஜெட் யோசித்தாள். பிறகு, விளையாட்டாகவோ தெரியாமலோ, புருவத்தை உயர்த்தினாள்.

"பாத்தியா, கத்துக்கிட்டா" என்றாள் பெனினா.

* * *

மத்தியானம் அம்மாவும் மகளும் ஒரே தட்டில் தேங்காய்ப்பால் பன் தின்றார்கள். மூன்று நாளில் முதல் தடவை.

"வருத்தமா இருக்கா?" என்று பெனினா கேட்டாள்.

"எதுக்கு?"

"சின்ன வயசுலேர்ந்து நீதான் நடிக்கணும் நடிக்கணும்னு கெடந்த. பாய்க்குக் காவல் வந்தவ உள்ள பூந்துட்டேன்."

தெலேசியா பன்னைப் பிய்த்தாள். "கொஞ்சம் இருக்கு." மென்றாள். "ஆனா, அடியில இருக்கும்போது நான் நடிக்கணும்னே தோணலம்மா. நீ வருவியா மாட்டியான்னுதான் இருந்துச்சு. நடிக்கறதுன்னா அதுதானோ என்னமோ. அடுத்த படத்துக்கு முதுகைத் திருப்பிக் காட்டிடறேன்."

பெனினா சிரித்துவிட்டாள். சிரித்து முடித்து, கைப்பையிலிருந்து விமான டிக்கெட்டை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதைத் திருப்பிக் குடுத்தா பாதிப் பணம்தான் தருவானாம். விசாரிச்சேன்."

"எப்ப விசாரிச்ச?"

"புதன்கிழமை."

டிக்கெட் வாங்கியதே புதன்கிழமைதான். தெலேசியா அம்மாவையே பார்த்தாள். பெனினா பன்னைப் பார்த்தாள்.

"பாதி போனா போகட்டும்" என்றாள்.

அப்போது பிரிஜெட் ஓடிவந்து ஒரு விஷயம் சொன்னாள். இனி எடுக்கப்போகிற நாலு நாளிலும் அதே பாய்தான் வேண்டும். வேறு பாய் போட்டால் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். அடுத்த வியாழன் வரைக்கும் பாய் இங்கேயே இருக்க வேண்டும்.

கேட்டது அம்மாவிடம். புருவம் மேலே போய் வந்தது. பிரிஜெட் போனபிறகுதான் பெனினாவுக்கு உறைத்தது. இன்று காலை வரை ஃபிலிப்போவின் பாயை எடுத்தவள் ஒருத்தி. இப்போது இரண்டு பேர்.

* * *

சாயங்காலம் ஃபிலிப்போ பஸ்ஸை நிறுத்திவிட்டு, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தான். ஜெபம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். அம்மாவும் மகளும் ஒருவருக்கொருவர் கிழங்கு எடுத்து வைப்பதைப் பார்த்துவிட்டு அவன் சொன்னான்:

"என்ன, சமாதானமா? எதுக்குச் சண்டைன்னே எனக்கு யாரும் சொல்லல."

"பொம்பளைங்க விஷயம்" என்றாள் பெனினா.

"இருந்துட்டுப் போகட்டும். எனக்கு இந்த முதுகுதான் பெரிய விஷயம். நாலு நாளா என்னமோ பலகை மேல படுத்த மாதிரி இருக்கு. முந்தா நேத்து ராத்திரி புரண்டு படுத்தா, கீழ 'கரக்'குன்னு சத்தம் வருது."

தெலேசியாவுக்குப் புரையேறியது.

"மெத்தைக்கு வயசாயிடுச்சு" என்றான் ஃபிலிப்போ. "நாளைக்கு சனிக்கிழமை, அரை நாள்தான் பஸ். வெயில் அடிச்சா மெத்தையைத் தூக்கி வெளிய போடுறேன். அப்படியே அடியில இருக்கிற பாயையும் காத்தாட விரிச்சு வைக்கலாம். ரொம்ப நாள் ஆச்சு அதைப் பாத்து. சரியா?"

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றால் அம்மாவும் மகளும் சேர்ந்து வாசலில் தலைகுனிந்து உட்காரலாம். ஆனால் மேலே போர்த்திக்கொள்ள ஒரு பாய் வேண்டும். அந்தப் பாய்தான் வீட்டில் இல்லை.

"என்ன பெனினா, சரியா?"

நெற்றியை அசையவிடக் கூடாது என்று பெனினா பல்லைக் கடித்துப் பார்த்தாள். ஐம்பது வருடப் பழக்கம் கேட்கவில்லை. புருவம் மேலே போய்க் கீழே வந்தது.

ஃபிலிப்போ திருப்தியாக இன்னொரு கிழங்கை எடுத்தான்.

தினமும் கடை அடைக்கும்போது மனசுக்குள் போடுகிற கணக்கை பெனினா சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே போட்டுப் பார்த்தாள். கைக்கு வந்தது, நாலு நாள் வேலையும் ஒரு மகளும். கையை விட்டுப் போனது, பாதி டிக்கெட். வரவுதான் அதிகம், இப்படி ஒரு நாள் மார்க்கெட்டில் அமைந்ததே இல்லை. பாக்கி ஒன்றே ஒன்று: எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதனுக்கு ஒரு பாயும், அதைப் பற்றிய ஓர் உண்மையும். கெடு, நாளைக்கு வெயில் ஏறும் வரை.